மதுரைக்கு இரண்டு நாள்: கோயில் நேரமும் சாப்பாட்டு நேரமும் பார்த்துப் பயணத்தை வகுப்பது எப்படி

மதுரைக்குக் குறுகிய பயணம் வருவோரில் பலர், பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியலும் சாப்பிட வேண்டிய கடைகளுக்கு ஒரு பட்டியலும் தனித்தனியாகத் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். ஊரில் இறங்கிய பிறகுதான், நண்பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் கோயில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும் என்பதும், பல கடைகளில் கறி தோசை ஊற்றுவது இருட்டிய பிறகே என்பதும், பருத்திப்பால் வண்டி காலை ஏறுவதற்குள் காலியாகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வருகின்றன. சங்க இலக்கியமே இந்த ஊரின் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. அந்தப் பிரிவு இன்றும் மாறவில்லை. ஆகவே, இடங்களை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு நேரம் ஒதுக்குவதைவிட, நேரத்தை முதலில் வகுத்துக்கொண்டு அதற்குள் இடங்களைப் பொருத்துவதே மதுரைக்கு ஏற்ற வழி. சனி, ஞாயிறு ஆகிய இரண்டு பகல்களும் நடுவில் ஓர் இரவும் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதற்படி: எந்த வாரம் என்பதை முடிவு செய்தல்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த வெயிலில்தான் சித்திரைத் திருவிழாவும் வருகிறது. மீனாட்சி திருக்கல்யாணத்தையும், சித்திரா பௌர்ணமி அன்று கள்ளழகர் வைகையில் இறங்குவதையும் காண வேண்டுமென்றால் அதற்கென்றே தனியாக ஒரு பயணம் வரவேண்டும். அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகள் நகர முடியாது, நல்ல கடைகளில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. ஊரையும் உணவையும் ஒருசேர அறிய விரும்புகிறவர் திருவிழாவுக்கு வெளியே ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் கோயிலில் அதிகமாக இருக்கும். அதைத் தவிர்க்க விரும்பினால், தைப் பொங்கல் விடுமுறை முடிந்த பின் மாசி வரையிலான வாரங்களே என் முதல் தேர்வு.

இரண்டாம் படி: வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து வருவோருக்கு இரவு நேரத்துப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மிகப் பொருத்தமானது. விடியும் நேரத்தில் மதுரையில் இறக்கிவிடுவதால் முதல் நாளின் காலை முழுவதும் கைக்கு வருகிறது. பகல் வண்டிகளான வைகை, தேஜஸ், வந்தே பாரத் ஆகியவை வேகமானவைதான் என்றாலும், அவற்றில் வந்தால் இரண்டு நாள் பயணத்தில் பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. வெள்ளி இரவு வருவதற்கும் ஞாயிறு இரவு திரும்புவதற்குமான சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், போகவர இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பேருந்தில் வருவோர் இறங்கும் நிலையத்தைக் கவனிக்க வேண்டும். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, திண்டுக்கல், தேனி வண்டிகள் ஆரப்பாளையத்துக்கு வரும். இரண்டிலிருந்தும் கோயிலுக்கு அருகிலுள்ள பெரியார் பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்துகள் உண்டு.

அறை எடுப்பதற்கு முன் ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கோயிலை நடுவில் வைத்து, மதிலுக்குள் ஆடி வீதியும், அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாகவும் தெருக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு சதுரத்துக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு பக்கங்கள். அதனால் "மேல மாசி வீதி" என்றால் மாசிச் சதுரத்தின் மேற்குப் பக்கம் என்று உடனே புரிந்துவிடும். மாசிக்கும் வெளி வீதிக்கும் இடையில் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்னும் பெயர்கள் வருவதற்கும் காரணம் உண்டு. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்தப் பணியில் இருந்த இருவரின் பெயர்களே அத்தெருக்களுக்கு நிலைத்தன. அந்த மேற்கு ஓரத்தில், அதாவது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு ஆகிய இடங்களில் அறை எடுத்தால், ரயில் நிலையமும் கோயிலும் நடந்தே போய்வரும் தூரத்தில் அமையும். இங்குள்ள பல லாட்ஜுகளில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். சில விடுதிகளில் நண்பகல் கணக்கு. காலை ஆறு மணிக்கு வந்து சேர்பவருக்கும் மறுநாள் இரவு கிளம்புபவருக்கும் இந்த வேறுபாடு ஒரு நாள் வாடகையையே கூட்டவோ குறைக்கவோ செய்யும். தொலைபேசியில் இதைத் தெளிவாகக் கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே பணம் அனுப்புங்கள்.

மூன்றாம் படி: சைவம் ஒரு நாள், அசைவம் ஒரு நாள்

இதுதான் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி. அசைவம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போக நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. முதல் நாள் மதியமே சுக்காவும் கோலா உருண்டையும் சாப்பிட்டுவிட்டால், இரவுப் பள்ளியறைப் பூசையைக் காணும் வாய்ப்பு கைநழுவிப் போய்விடும். ஆகவே கோயிலுக்கான முதல் நாளைச் சைவமாகவும், இரண்டாம் நாளை அசைவத்துக்காகவும் ஒதுக்குங்கள். நல்வாய்ப்பாக, இரண்டாவது நாள் மட்டும் போதாதே என்று கவலைப்படத் தேவையில்லை. பள்ளியறைப் பூசை முடிந்து வெளியே வரும் பத்து மணிக்கு மதுரையின் பரோட்டாக் கடைகள் உச்சத்தில் இருக்கும்.

முதல் நாள்

விடியற்காலையில் இறங்கியதும் பருத்திப்பாலைத் தேடுங்கள். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சும் இந்தப் பானம் சூடாகவும் கெட்டியாகவும் இருக்கும். குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பும் வரை வயிறு தாங்கும். அதன்பின் நான்கு இட்லி போதும். மதுரை இட்லிக் கடைகளில் இலையைச் சுற்றி வந்து விழும் சட்னி வகைகளே தனி விருந்து என்பதால், இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு சட்னியையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள்.

ஏழு மணிக்குள் கோயில் வாசலில் இருக்க வேண்டும். ஆண்கள் வேட்டி அல்லது முழுக்கால்சட்டை, பெண்கள் சேலை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார் அணிவது வழக்கம். அரைக்கால்சட்டையும் லுங்கியும் அனுமதிக்கப்படுவதில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்டதற்குப் பின், கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்லத் தடை நடைமுறைக்கு வந்தது. வெளியிலுள்ள பாதுகாப்பு அறையில் அதைக் கொடுத்துவிட்டுச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். குடும்பமாக வருவோர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: உள்ளே ஒருவரையொருவர் தவறவிட்டால் அழைத்துப் பேச வழியில்லை. பொற்றாமரைக் குளத்தின் ஒரு குறிப்பிட்ட கரையைச் சந்திக்கும் இடமாகப் பேசிவைத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.

இங்கே அம்மனை வணங்கிய பிறகே சுந்தரேசுவரர் சந்நிதிக்குச் செல்வது மரபு. வழியில் முக்குறுணிப் பிள்ளையாரைக் காண்பீர்கள். விநாயகர் சதுர்த்தி அன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கப்படுவதால், உணவை நாடி வந்தவர் இவரை வணங்காமல் போவது முறையாகாது. கம்பத்தடி மண்டபத்துத் தூணில் உள்ள திருக்கல்யாணச் சிற்பத்துக்கு அவசரமில்லாமல் நேரம் கொடுங்கள்: திருமால் தாரை வார்க்க, நாணத்தோடு தலை சாய்த்து நிற்கும் மீனாட்சியின் கையைச் சிவபெருமான் பற்றும் காட்சி அது. 1569இல் அரியநாத முதலியார் கட்டிய ஆயிரங்கால் மண்டபம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது; அதற்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. எல்லாவற்றையும் பார்த்து வெளியே வரப் பத்தரை மணியாகிவிடும்.

அதன்பின் மேல மாசி வீதிக்கு நடந்து போகலாம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது இத்தெருவில் உள்ள ஒரு வீட்டில்தான். இன்று அந்தக் கட்டடத்தில் கதர் விற்பனை நடக்கிறது. மதியம் வாழை இலையில் சைவச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் தாழும் வரை அறையில் படுத்து எழுவது இந்த ஊரில் சோம்பல் ஆகாது. இரவு பதினொரு மணி வரை நடக்கப் போகிறீர்கள்.

மூன்றரை மணிக்குக் கிளம்பி, கோயிலுக்குத் தென்கிழக்கே உள்ள திருமலை நாயக்கர் மகாலுக்குச் செல்லுங்கள். 1636இல் கட்டப்பட்ட அரண்மனையில் இப்போது எஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. மிஞ்சிய முற்றத்தில் நின்று அந்தத் தூண்களின் பருமனைப் பார்க்கும்போது, போனது எவ்வளவு பெரியது என்று நினைத்து மனம் வலிக்கிறது. பகல் நேரப் பார்வை ஐந்து மணியோடு முடியும். மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடைபெறுவதுண்டு. அன்று உண்டா என்பதை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகாலிலிருந்து விளக்குத்தூண் பத்து நிமிட நடை. அங்கே ஜிகர்தண்டா குடிக்க ஐந்து மணியைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. 1977 முதல் இயங்கிவரும் ஃபேமஸ் ஜிகர்தண்டா கடையின் முன்னால் நின்று, அது தயாராவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணாடிக் கோப்பையின் அடியில் கண்ணாடி போல் வழுக்கும் கடற்பாசி விழும். அதன்மேல் நன்னாரி சர்பத். பிறகு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சியதால் செங்கல் வண்ணம் ஏறத் தொடங்கிய குளிர்ந்த பால். இறுதியில் பாலிலேயே செய்த ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. சில கடைகளில் கடற்பாசிக்குப் பதில் பாதாம் பிசின் சேர்ப்பார்கள். கலக்காமல் மேலிருந்து சிறிது குடித்துப் பாதிக்குப் பிறகு கலக்கினால், பாலின் சுவையும் நன்னாரியின் மணமும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கிடைக்கும்.

மாலைச் சிற்றுண்டிக்கு இரண்டு பரிந்துரைகள். ஒன்று, மேலச் சித்திரை வீதியில் உள்ள கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பம். மாலையில்தான் கிடைக்கும், சூட்டோடு சாப்பிட வேண்டும். மற்றொன்று, தெருவோரங்களில் பச்சை நிறத்தில் பொரித்தெடுக்கப்படும் முள்ளு முருங்கை வடை. முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டும் இந்த வடையின் மேல் மிளகுப்பொடியோ பருப்புப்பொடியோ தூவித் தருவார்கள். சளி பிடித்தவருக்கு நல்லது என்று மதுரை வீடுகளில் சொல்வார்கள்.

ஒன்பது மணிக்கு மீண்டும் கோயிலுக்குள் இருக்க வேண்டும். சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, வாத்தியம் முழங்க அம்மன் சந்நிதியின் பள்ளியறைக்குக் கொண்டுசெல்லும் பூசை நாள்தோறும் நடக்கிறது. காலையில் வரிசையில் நகர்ந்து பார்த்த அதே பிரகாரம் இந்நேரத்தில் வேறொரு கோயிலாகத் தோன்றும். இரண்டு நாள் பயணத்தில் ஏதேனும் ஒன்றைத்தான் காண முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

வெளியே வந்தபின் பரோட்டா. பகலில் கிடைக்கும் பரோட்டாவைக் கணக்கில் கொள்ள வேண்டாம். கல்லில் வெந்ததை அடுக்கி இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்க்கும் ஓசையும், பக்கத்துக் கல்லில் கொத்துப் பரோட்டா போடும் தாளமும் கேட்கும் கடையில் உட்காருங்கள். பன் பரோட்டா மெத்தென்று பருமனாக இருக்கும், வீச்சு மெல்லியதாக இருக்கும். இருவர் சென்றால் ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். சால்னா காரமாக இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கு ஆட்டுக்கால் பாயா கேளுங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் ஊருக்கு வெளியே ஓர் இடம் போகலாம். ஒன்றே ஒன்று, இரண்டு என்று ஆசைப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகிவிடும், ஞாயிறன்று அந்தத் தாமதம் பெரிய இழப்பு.

உணவை முன்னிட்டுத் தேர்வு செய்வோருக்கு அழகர்கோயில். ஊருக்கு வடக்கே ஏறக்குறைய 21 கிலோமீட்டரில் உள்ள இந்தக் கோயிலில் பெருமாளுக்கு தோசை படைக்கப்படுகிறது. மிளகும் சீரகமும் சேர்த்து நெய்யில் வேகும் அந்தப் பிரசாத தோசை கனமானது, ஓரம் மொறுமொறுப்பானது. ஒன்றை நால்வர் பகிர்ந்துகொள்ளலாம். வரலாற்றில் ஆர்வமுள்ளோருக்குத் தென்கிழக்கே உள்ள கீழடி. அங்கு 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதையும், வார விடுமுறை நாள் உண்டு என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். விடியற்காலையில் எழக்கூடியவர்களுக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை; அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும், மேலே பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

ஆட்டோவில் ஏறுமுன் போகவர எவ்வளவு, காத்திருப்புக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள்.

மதிய உணவுக்குப் பன்னிரண்டரை மணிக்கே மெஸ்ஸில் உட்கார்ந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர்களும் குடும்பத்தோடு வருவதால், ஒன்றரை மணிக்குமேல் குடல், ஈரல், தலைக்கறி, நெஞ்செலும்பு ஆகியவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகும். மட்டன் சுக்கா, கோலா உருண்டை ஆகிய இரண்டும் கட்டாயம். அயிரை மீன் குழம்பு கிடைத்தால் தவறவிடாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத இந்த நன்னீர் மீனை உயிரோடு பாலிலோ தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்கச் செய்து, பின் உப்புப் போட்டு உரசிக் கழுவித்தான் குழம்பு வைப்பார்கள். அந்த வேலைப்பாட்டுக்கும் மீன் வரத்துக் குறைவுக்கும் ஏற்ப விலை அதிகம்; தட்டைத் தொடுவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பரிமாறுபவர் தட்டில் எல்லாவற்றையும் எடுத்துவந்து காட்டுவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டாமல், நால்வருக்கு மூன்று தொடுகறி என்ற அளவில் நிறுத்தினால் மாலைக்கு வயிறு மிஞ்சும்.

மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் செல்லுங்கள். திருமலை நாயக்கர் காலத்தில் இதைத் தோண்டியபோதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. நீர் நிறைந்திருக்கும் நாட்களில் நடுமண்டபத்தைச் சுற்றி வரும் காற்றுக்காகவே ஊர் முழுவதும் இங்கே வந்து கூடுகிறது. ஆறு மணிக்குமேல் கிழக்கு மாசி வீதிப் பக்கம் திரும்பி, வாங்க வேண்டியவற்றை வாங்கிக்கொள்ளலாம். சுங்குடிச் சேலை, மதுரை மல்லி ஆகிய இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. சுங்குடியில் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியதும் உண்டு, அச்சடித்ததும் உண்டு. முடிச்சிட்ட புள்ளி ஒவ்வொன்றும் சிறிது மாறுபட்டு, நடுவில் நூல் கட்டிய தடத்தோடு இருக்கும். எது என்று கேட்டு அதற்கேற்ற விலை கொடுங்கள். மல்லிகை முகூர்த்த நாட்களில் பல மடங்கு விலை ஏறும்.

ஏழு மணிக்குச் சிம்மக்கல். கறி தோசையை முதன்மையாகக் கொண்ட கோனார் மெஸ் இங்குதான் பெயர் பெற்றது. கல்லில் சற்றுப் பருமனாக மாவை ஊற்றி, அது வேகும்போதே முட்டையை உடைத்துப் பரப்பி, அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுகிறார்கள். கறி கல்லில் பட்டுச் சிறிது முறுகும் அந்த வாசனை தெருவுக்கே வந்துவிடும். ஒரு தோசை ஒருவருக்கு இரவு உணவாகவே போதும்; மதியம் நன்றாகச் சாப்பிட்டிருந்தால் இருவருக்கு ஒன்று.

சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்குமேல் புறப்படும் என்பதால், எட்டு மணிக்குச் சிம்மக்கல்லை விட்டுக் கிளம்பினால் அறையில் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். ரயில் நிலையம் அருகே பிரேமா விலாஸில் சூடான அல்வாவை ஐம்பது கிராம் அளவில் இலையில் வாங்கி நின்றபடியே சாப்பிடலாம். வீட்டுக்குக் கட்டித் தரச் சொல்வதாக இருந்தால், நெய் கசியாமல் இருக்க இரட்டைப் பொட்டலமாகக் கேட்டு, பூப் பொட்டலத்தோடு சேர்க்காமல் தனிப்பையில் வையுங்கள்.